நீட்டின போர்க்கும் நிற்காத பிரேக்கும்

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மதுரை செல்லூரில் இருக்கும் என் சைக்கிள் பட்டறைக்குப் பையன்கள் கூட்டமாக வருவார்கள். ஒருவன் போனை நீட்டுவான். முன்சக்கரம் ஒரு முழம் முன்னால் ஓடுகிற மாதிரி நீண்ட போர்க் (சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரட்டைக் கால்), மாட்டுக் கொம்பு போல் உயர்ந்த ஹேண்டில்பார், நீள வாழைப்பழ சீட்டு. "அண்ணே, இதே மாதிரி சாப்பர் பண்ணணும். தாத்தா வண்டி வீட்டுல சும்மாதான் கெடக்கு. மிச்சத்தைப் பழைய இரும்புக் கடையில பொறுக்கிக்கலாம்."

வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. வீணாய்க் கிடக்கும் இரும்பில் தன் கையால் ஒரு வண்டி செய்ய நினைக்கிற பையனை யாராவது தடுப்பார்களா? ஆனால் எல்லாரும் பெயிண்டைப் பற்றியும் சீட்டைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். இத்தனை வருடத்தில் ஒருவன்கூட போர்க்கை நீட்டி வெல்டு வைக்கிற ஒட்டைப் பற்றிக் கேட்டதில்லை. நானும் என் பத்தொன்பது வயதில் கேட்கவில்லை.

அப்போது ஒரு 28 அங்குல வண்டியின் போர்க் கால்களை அறுத்து, அரை இஞ்ச் ஜி.ஐ. பைப் (நாகம் பூசின இரும்புக் குழாய்) வைத்து ஒரு அடி நீட்டினேன். பைப்பை முட்டுக்கு முட்டு வைத்து வெல்டு அடித்தேன். ஒட்டு தெரியக் கூடாது என்று கிரைண்டரில் வழவழவெனத் தேய்த்து, பட்டி பார்த்து, சிவப்புப் பெயிண்ட். தெருவே திரும்பிப் பார்த்தது. இரண்டு மாதம் ஓடியது. ஐப்பசி மழையில் ஒருநாள் மதுரா கோட்ஸ் பாலத்து இறக்கத்தில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் போர்க்கின் இடது கால் ஒடிந்தது. எனக்கு மேல்வரிசையில் ஒன்று கட்டின பல்.

அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தபோதுதான் புத்தி வந்தது. வெல்டு அப்படியே இருந்தது. அதை ஒட்டி ஒரு நூல் தள்ளி பைப் அறுந்திருந்தது. ஒடிந்த வாயில் பாதிக்கு மேல் துருப்பிடித்துக் கறுப்பு, மிச்சம் மட்டும் புதுசாய் வெள்ளையாய் மின்னியது. அதாவது அது அன்று ஒடியவில்லை. நாள்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு வந்திருக்கிறது, பெயிண்டுக்கு அடியில்.

காரணம் எளிது. கடப்பாரை நீளமாக இருந்தால் கல் சுலபமாகப் பெயரும் அல்லவா, அதே கணக்குதான். சாதாரண வண்டியில் கழுத்திலிருந்து (இரண்டு கால்களும் மேலே சேருகிற இடம்) அச்சு வரை போர்க் சுமார் ஒன்றேகால் அடி. அதில் ஒரு அடி நீட்டினால், பள்ளத்தில் விழும்போது கழுத்தை வளைக்கிற விசை ஏறக்குறைய இரட்டிப்பாகும். வெல்டு சூடு பட்ட இடத்தில் இரும்பின் குணமும் மாறிவிடுகிறது. ஆக, சுமை கூடுகிற அதே வண்டியில்தான் நாம் ஒரு பலவீனமான இடத்தையும் உண்டாக்குகிறோம்.

இப்போது என்னிடம் வருகிறவர்களுக்கு ஒட்டே இல்லாமல், கழுத்திலிருந்து அச்சு வரை ஒரே பைப்பாகப் போடச் சொல்கிறேன். முடியாதென்றால் ஒட்டின் உள்ளே இறுக்கமாக ஒரு துண்டு பைப் நுழைய வேண்டும், இரு பக்கமும் இரண்டிரண்டு அங்குலமாவது. பைப்பின் வாயை நேராக வெட்டாமல் சாய்த்து வெட்ட வேண்டும். வெல்டுத் தழும்பைத் தேய்த்து மட்டமாக்கக் கூடாது. அசிங்கமாகத் தெரிந்தாலும் அதுதான் தாங்குகிறது. ஆறு அங்குலத்துக்கு மேல் நீட்டுவதற்கு நான் சம்மதிப்பதில்லை. இது என் அனுபவக் கணக்கு.

தாத்தா வண்டிகளில் இன்னொரு சங்கதி. அந்தக் கால பிரேமில் குழாய்கள் லக்குக்குள் (குழாய்கள் சேருகிற மூட்டு உறை) பித்தளை உருக்கி ஒட்டப்பட்டவை. அதன்மேல் கரண்டு வெல்டிங் வைத்தால் உருகின பித்தளை இரும்புக்குள் புகுந்து வெடிப்பு விடும். லக் பக்கம் வேலை என்றால் கேஸ் வெல்டிங், பித்தளை ராடு. ஜி.ஐ. பைப்பில் வெல்டு வைப்பதானால் முதலில் நாகப் பூச்சைச் சுத்தமாகத் தேய்த்துவிட வேண்டும். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் சாயங்காலம் குளிரும் காய்ச்சலும் ஆளை அடித்துப் போடும். பால் குடித்தால் சரியாகும் என்பார்கள். நான் குடித்தும் பார்த்தேன், காய்ச்சலும் வந்தது. கண்ணாடி போடாமல் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற பையனுக்கு ராத்திரி கண்ணில் மணல் கொட்டின மாதிரி எரியும். வேடிக்கை பார்ப்பவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

ஓட்டத்துக்கு வருவோம். போர்க் நீண்டால் வண்டி பின்னால் சாயும், பெடல் மேலே ஏறும், மெதுவாகப் போகும்போது ஹேண்டில் தானாக ஒரு பக்கம் மடியப் பார்க்கும். உட்காருகிறவன் எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்துக்குப் போய்விடும். இங்கிலாந்தின் ராலே கம்பெனி 1969ல் சாப்பர் என்ற பெயரிலேயே ஒரு சைக்கிள் விட்டது. முன்னால் 16 அங்குலச் சக்கரம், பின்னால் 20. பையன்கள் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. 1972ல் வந்த அடுத்த மாடலில் சீட்டை முன்னால் நகர்த்தினார்கள். ஆளைச் சுமந்து போகிற வண்டி இல்லை என்று சீட்டிலேயே எழுதியும் வைத்தார்கள். நம் ஊரில் அந்தச் சீட்டில் மூன்று பேர் உட்காருவார்கள், அது வேறு கதை.

அடுத்தது பிரேக். தாத்தா வண்டியில் இருப்பது கம்பி பிரேக், கேபிள் இல்லாமல் கெட்டியான இரும்புக் கம்பி இழுப்பது. போர்க்கை நீட்டி ஹேண்டிலை மாற்றினதும் கம்பி எட்டாது, உடனே முன் பிரேக்கைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சரி, கேபிள் பிரேக் போட்டுக்கொள்ளலாம் என்று பிரேக் கட்டையை வாங்கி வந்தால் அதுவும் பிடிக்காது. ஏனென்றால் அந்த ரிம்மின் பக்கவாட்டு வளைவாக இருக்கும், கட்டை உட்காரத் தட்டையான இடம் கிடையாது. கம்பி பிரேக் ரிம்மின் உள்பக்கத்தைத்தான் பிடிக்கும். எனவே பக்கம் தட்டையான ரிம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதற்கேற்ற கேபிள் பிரேக்கை முன்னால் போடுங்கள். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும், இதையும் மனதில் வைத்து ஓட்டுங்கள். பின் பிரேக் ஒன்றை மட்டும் நம்பி மாசி வீதியில் வண்டியை விடாதீர்கள்.

பழைய இரும்புக் கடையில் போர்க் எடுக்கும்போது கண்ணால் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கழுத்துப் பக்கம் பெயிண்டைச் சுரண்டிவிட்டு டீசல் தடவி அரைமணி நேரம் விடுங்கள். பிறகு துணியால் சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவி, சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன டீசல் கசிந்து, வெள்ளைப் பொடியில் தலைமுடி மாதிரி ஒரு கோடு ஈரமாய் எழும்பும். செலவு ஒன்றுமில்லை.

போன ஞாயிறு ஒரு தம்பி நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கின போர்க்கைக் கொண்டுவந்தான். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. "சும்மா வச்சு அடிங்கண்ணே" என்றான். பொடி போட்டேன். கழுத்தைச் சுற்றிக் கால்வாசி தூரத்துக்குக் கோடு ஓடியது. அவன் அதைக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் எதுவும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பவும் இரும்புக் கடைக்குப் போனான். அந்த போர்க் என் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது, பொடியோடு.