இதயத்தை நிறுத்திக் காப்பாற்றும் கருவி

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இதயப் படமும் மின்னல் குறியும் போட்ட பெட்டி ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். யாராவது சுருண்டு விழுந்தால் என்னைப் போன்றவர்கள் அதை எடுக்கலாமா? தவறாகப் பயன்படுத்தி உயிருக்கே ஆபத்தாகிவிட்டால்?”

தாராளமாக எடுக்கலாம். நடிகர் புனித் ராஜ்குமார் 2021இல் 46 வயதில் மறைந்ததிலிருந்து இந்த நகரத்தில் பலரும் இதயத்தை நினைத்து அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் இந்தப் பெட்டியின் மேலும் படிய வேண்டியதில்லை.

மாரடைப்பில் இதயத் தசைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபடுகிறது. அதன் விளைவாகச் சிலருக்கு இதயத்தின் மின்னோட்டமே குலைந்துபோகிறது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் டீஃபிப்ரிலேட்டர் என்ற மின்னதிர்ச்சிக் கருவிக்கு அப்போதுதான் வேலை.

அது செய்வதைத்தான் வியந்து தீரவில்லை. நின்றுபோன இதயத்தை அது உதைத்து ஓட வைப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது இதயத்தை ஒரு கணம் முழுவதுமாக நிறுத்துகிறது. வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு என்ற சிறு திசுவில் பிறக்கும் மின் அலை, தசை முழுவதும் பரவி அடங்கிவிட வேண்டும். ஏன் அடங்குகிறது? ஒருமுறை தூண்டப்பட்ட செல், ஏறத்தாழ கால் நொடிக்கு வேறெந்தத் தூண்டலுக்கும் மசியாது. அலைக்குத் திரும்பிச் செல்ல வழியில்லை. ஆனால் ரத்தம் கிடைக்காமல் தவிக்கும் தசையில் அலை தயங்கித் தயங்கி நகர்கிறது. அதற்குள் பின்னால் இருக்கும் செல்கள் ஓய்வு முடிந்து விழித்துவிடுகின்றன. அலை அவற்றுக்குள் திரும்பிப் புகுந்து சுழல்கிறது. உடைந்து பல சுழல்களாகிறது. கீழறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன. வடம் பிடித்தவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. அதுபோல, தசை உழைத்தும் ரத்தம் நகர்வதில்லை.

அந்த நேரத்தில் 120 முதல் 200 ஜூல் வரையிலான ஆற்றலைச் சில மில்லிநொடிகளில் பாய்ச்சினால் கீழறைச் செல்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே நொடியில் தூண்டப்பட்டு, ஒன்றாக ஓய்வுக்குப் போகின்றன. சுழலும் அலைகளுக்குப் புக இடமே இல்லை, அவிந்துபோகின்றன. அந்த அமைதியில், யாருடைய தூண்டலும் இல்லாமல் தானாகத் துடிக்கும் இயல்புள்ள சைனஸ் கணு, தன் ஆட்சியை மீட்டுக்கொள்கிறது. ஜெனீவாவில் பிரெவோ, பாத்தெல்லி என்ற ஆய்வாளர்கள் 1899இல் நாய்களிடம் கண்டதை, கிளீவ்லாந்தில் அறுவை மருத்துவர் கிளாட் பெக் 1947இல் 14 வயதுச் சிறுவனின் திறந்த மார்பில் செய்து காட்டினார்.

வாசகரின் அச்சத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது. மின்னோட்டம் அடங்கி, இசிஜி திரையில் நேர்க்கோடாகிவிட்ட இதயத்தில் நிறுத்துவதற்கு எந்தச் சுழலும் இல்லை. சீராகத் துடிக்கும் இதயத்துக்கு அதிர்ச்சி தேவையில்லை. பெட்டியே துடிப்பைப் படித்துப் பார்த்து, இரண்டிலும் அதிர்ச்சி கொடுக்க மறுத்துவிடும்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். இதயம் நின்ற முதல் நொடிகளில் சிலருக்குக் கைகால் வெட்டி இழுக்கும். உடனே வலிப்பு என்று முடிவுகட்டி, உள்ளங்கையில் சாவியைத் திணிப்பார்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்புச் சாவி வலிப்புக்கும் மருந்தில்லை. ஈரமான மார்பிலோ மின்சாரம் தோலின் மேலாகவே ஓடி வீணாகும். நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 விழுக்காட்டைப் பறித்துவிடுகிறது. மாலை நேரத்துப் பழைய மெட்ராஸ் சாலையை ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் கடக்கும்? அலங்கார விளக்குக்குச் செலவழிக்கும் குடியிருப்புச் சங்கங்கள் இந்தப் பெட்டிக்கும் பணம் ஒதுக்க வேண்டும். அதைப் பூட்டிச் சாவியைச் செயலாளரிடம் கொடுத்துவைக்கவும் கூடாது.

தட்டியும் எழவில்லை, மூச்சில்லை அல்லது மீன் போல வாயைத் திறந்து திணறுகிறார் என்றால் 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நடு நெஞ்சில் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குங்கள். பெட்டி வந்ததும் மார்பைத் துடைத்து, அதிலுள்ள இரண்டு மின் ஒட்டுகளில் ஒன்றை வலது காறை எலும்புக்குக் கீழேயும் மற்றதை இடது அக்குளுக்குக் கீழே விலாவிலும் ஒட்டுங்கள். கருவியின் குரல் சொல்லும்போது எல்லாரும் கையை எடுத்துவிட வேண்டும்.

அதிர்ச்சி பாய்ந்ததும் நாடி பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். மின்னோட்டம் சீரானாலும் களைத்துப்போன தசைக்கு உடனே ரத்தத்தைத் தள்ளும் வலு இருக்காது. அடுத்த இரண்டு நிமிடம் உங்கள் கைகள்தான் அதன் வேலையைச் செய்ய வேண்டும். பிறகு கருவி மீண்டும் துடிப்பைப் பார்க்கும். அவர் அசைந்து மூச்சுவிடத் தொடங்கினாலும் ஒட்டுகளைப் பிரிக்க வேண்டாம்; நடுக்கம் திரும்ப வரலாம்.