வம்சத்தின் மேல் பழியைப் போடாதீர்கள்

போன குறுவை நடவு சமயம், மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அப்பாயி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். இரண்டரை வயது, நாலைந்து சொல்தான் வருகிறது. "எங்க வம்சமே அப்படித்தான் டாக்டர், இவன் அப்பனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்றார். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவியும் பார்த்தாகிவிட்டதாம்.

காதைப் பரிசோதித்தோம், நன்றாகக் கேட்கிறது. கூப்பிட்டால் திரும்புகிறான், முகம் பார்த்துச் சிரிக்கிறான், வேண்டியதைக் கை நீட்டிக் காட்டுகிறான். சரி, வீட்டில் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டேன். அப்பா சிங்கப்பூரில், அம்மா விடிவதற்குள் நடவுக்குக் கிளம்பிவிடுவார், அப்பாயிக்கு முழங்கால் வலி, வாசலைத் தாண்டினால் வாய்க்கால், அதில் தண்ணீர் வேறு ஓடுகிறது, அதனால் பிள்ளை கையில் போன். வாய்க்காலுக்குப் பயந்து செய்த ஏற்பாடு, அவரை எப்படிக் குறை சொல்வது?

தாமதமாகப் பேசுவது சில குடும்பங்களில் வழிவழியாக வருவது உண்மைதான். ஆனால் ஒரே விதைநெல்லைத் தலைமடையிலும் கடைமடையிலும் போட்டால் விளைச்சல் ஒன்றாகவா இருக்கிறது?

1980களில் ஜமைக்காவில், வயதுக்கேற்ற உயரம் வளராத 129 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்கு மட்டும் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் போய், பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தார். 2 ஆண்டுகள், அவ்வளவுதான். 20 ஆண்டு கழித்துப் பார்த்தால், வளர்ந்து வேலைக்குப் போன அந்தப் பிள்ளைகளின் சம்பளம் மற்றவர்களைவிட சுமார் 25 சதவீதம் அதிகம். எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கும் விஷயம் இது.

அப்பாயியிடம் ஓடச் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஒரு உழக்கு, இரண்டு கொட்டாங்கச்சி, ஒரு பிடி நெல். "போடு, கொட்டு, இன்னும் வேணுமா?" என்று கேட்டுவிட்டு, மனசுக்குள் ஐந்து எண்ணும் வரை அவன் வாயையே பார்த்துக் காத்திருக்க வேண்டும். நாம்தான் அவசரப்பட்டுப் பதிலையும் சொல்லிவிடுகிறோம். அவன் "தண்ணி" என்றால் "ஆமா, தண்ணி ஓடுது" என்று ஒரு சொல் கூட்டிக் கொடுக்க வேண்டும். (நெல் மூக்கில், வாயில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்திலேயே இருக்க வேண்டும்.) போனைப் பொறுத்தவரை, 2 வயது வரை வேண்டாம், அதன்பின் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. அப்பாவின் வீடியோ காலை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பையன் கன்றுக்குட்டியைக் காட்ட, அப்பா அங்கிருந்து "என்ன பண்ணுது?" என்று கேட்கட்டும்.

புரட்டாசியில் திரும்ப வந்தான். என் மேஜை மேல் இருந்த டப்பாவை அப்பாயி பக்கம் தள்ளி, "அப்பாயி, கொட்டு" என்றான்.

எல்லாப் பிள்ளைக்கும் இது மட்டும் போதாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை, முகம் பார்ப்பதில்லை, முன்பு வந்த சொல்லும் நின்றுவிட்டது என்றால் அது வளர்ப்புக் கோளாறும் இல்லை, தாயின் குற்றமும் இல்லை. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த வாரமே அழைத்து வாருங்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் ஆன வீடு என்றால் காதுப் பரிசோதனையை இன்னும் சீக்கிரமே செய்துவிடுங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே பார்க்கிறார்கள்.