ஃபியூஷன்லெஸ் ஸ்கோலியோசிஸ் சிகிச்சை: தமிழில் எப்படிச் சொல்வது?

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்த 12 வயது மகளின் எக்ஸ்ரே படத்தோடு உட்கார்ந்திருக்கும் பெற்றோரிடம் "ஃபியூஷன்லெஸ் சர்ஜரியும் இருக்கிறது" என்று மருத்துவர் சொல்கிறார். வீட்டுக்கு வந்து தமிழில் தேடினால் "இணைவற்ற அறுவை சிகிச்சை" என்று கிடைக்கிறது. எது எதோடு இணையவில்லை? செய்யாத ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு, என்ன செய்யப்போகிறார்கள் என்பதைச் சொல்லாமலே விட்டுவிடுகிற பெயர் அது. பிள்ளையின் முதுகைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு இதைவிடத் தெளிவான சொல் தர வேண்டும்.

முதலில் நோயின் பெயர். "ஸ்கோலியோஸ்" என்றால் கிரேக்கத்தில் வளைந்தது, கோணியது. அதிலிருந்து ஸ்கோலியோசிஸ். கி.பி. 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலன் எழுத்துகளிலேயே இந்தச் சொல் உண்டு. கைபோசிஸ், லார்டோசிஸ் என்ற மற்ற இரண்டு முதுகு வளைவுகளையும் அவர் சொல்கிறார். நம்மிடம் முதுகு வளைந்தாலே "கூன்" என்றுதான் வாயில் வருகிறது. கூன் என்பது மேல்முதுகு பின்னால் புடைத்து உடல் முன்னால் குனிவது, அதாவது கைபோசிஸ். ஸ்கோலியோசிஸ் பக்கவாட்டில் வளைவது. அதைக் கூன் என்று எழுதுவது பிழை.

"பக்கவளைவு" என்று எழுதுபவர்கள் சரியான வழியில்தான் போகிறார்கள். ஆனாலும் அந்தச் சொல் எக்ஸ்ரே தகட்டில் தெரிகிற அளவுக்குத்தான் பேசும். பிள்ளையை இடுப்பிலிருந்து முன்னால் குனியச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள்: விலா ஒரு பக்கம் மேடாக எழும்பியிருக்கும். முள்ளெலும்புகள் சாய்ந்ததோடு நில்லாமல் முறுக்கிக்கொண்டும் இருப்பதால் வருகிற மேடு அது. பக்கவளைவு என்று சொல்லும்போது முறுக்கையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும். வளைவை அளப்பது காப் கோணத்தால். அமெரிக்க மருத்துவர் ஜான் காப் 1948இல் விளக்கிய முறை அது. வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மிக அதிகமாகச் சாய்ந்த முள்ளெலும்புகளை ஒட்டிக் கோடு போட்டு, இரண்டுக்கும் இடையே உள்ள கோணத்தை எடுப்பார்கள். 10 டிகிரி முதல் ஸ்கோலியோசிஸ் கணக்கு. 50 டிகிரியை நெருங்கும்போது அறுவை சிகிச்சைப் பேச்சு வரும்.

வளைவுக்குத் தமிழில் "கோட்டம்" என்று ஓர் அருமையான பழஞ்சொல் உண்டு. "மரத்தின் கனக்கோட்டம் தீர்க்கும் நூல்" என்கிறது நன்னூல். தச்சர் கட்டையில் பிடிக்கிற நூல் அதன் கோணலைக் காட்டிக் கொடுத்துத் தீர்க்க உதவுகிறது. ஆசை இருந்தாலும் இதை நோயின் பெயராக இன்று வைக்க முடியாது. கோட்டம் என்றதும் கோயிலோ நிர்வாகப் பிரிவோதான் நினைவுக்கு வரும். பக்கவளைவே இருக்கட்டும்.

அடுத்தது ஃபியூஷன். உருக்கி வார்ப்பது என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. இயற்பியலில் அதை "இணைவு" என்கிறோம், அங்கே பொருந்துகிறது. முதுகெலும்பில் எதுவும் உருகுவதில்லை. முள்ளெலும்புகளின் மேற்பரப்பைச் சுரண்டி, இடையில் எலும்புத் துண்டுகளை வைக்கிறார்கள். உடல் அதை எலும்பு முறிவாகவே எடுத்துக்கொண்டு புது எலும்பை வளர்த்து, மாதக்கணக்கில் பல முள்ளெலும்புகளை ஒரே எலும்பாக்கிவிடுகிறது. உலோகக் கம்பியும் திருகும் அதுவரை அசையாமல் பிடித்துக்கொள்ளத்தான். ரஸ்ஸல் ஹிப்ஸ் 1911இல் நியூயார்க்கில் காசநோய் தாக்கிய முதுகுக்கு இதைச் செய்தார். பக்கவளைவுக்கு வந்தது அதன் பிறகு.

இதற்கு நம் வீடுகளிலேயே சொல் இருக்கிறது. கை முறிந்து கட்டுப்போட்டு ஆறினால் "எலும்பு கூடிடுச்சு" என்கிறோம். நடப்பது அதேதான், ஆகவே ஃபியூஷனை "எலும்பு கூட்டுதல்" என்பேன். "ஒட்டு" என்று சிலர் எழுதுவது குழப்பும். இடையில் வைக்கிற எலும்புத் துண்டுதான் ஒட்டு; அதனால் விளைவது கூடல். அப்படியானால் ஃபியூஷன்லெஸ் என்பது "எலும்பு கூட்டாத திருத்தம்". கூடிய பகுதி இனி வளையாது, வளராது என்பதால்தான் வளரும் பிள்ளைகளுக்கு வேறு வழி தேடினார்கள்.

இது ஒரு குடைப்பெயர். சிறு குழந்தைகளுக்கு வைத்து அவ்வப்போது நீட்டுகிற கம்பிகளும் இதில் சேரும். பதின்பருவத்தினரிடம் இன்று அதிகம் பேசப்படுவது வி.பி.டி. எனப்படும் வெர்டிப்ரல் பாடி டெதரிங். அது நிற்பது ஒரு பழைய விதியின் மேல். ஹ்யூட்டர், ஃபோல்க்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர்கள் 1862இல் சொன்னது: எலும்பு வளர்கிற இடமான வளர்தட்டில் அழுத்தம் கூடினால் வளர்ச்சி மந்தமாகும், குறைந்தால் வேகமாகும். பக்கவளைவில் உட்பக்கம் நசுங்குகிறது, குறைவாக வளர்கிறது, முள்ளெலும்பு ஆப்பு வடிவமாகிறது, வளைவு இன்னும் கூடுகிறது. வி.பி.டி. இதைத் திருப்பிப் போடுகிறது. நெஞ்சின் பக்கவாட்டில் சிறு துளைகள் வழியே சென்று, வளைவின் வெளிப்பக்கத்தில் ஒவ்வொரு முள்ளெலும்பிலும் ஒரு திருகு போட்டு, அவற்றின் தலைகளில் ஒரு கயிற்றை ஓட்டி இறுக்குகிறார்கள். தண்ணீர் பாட்டிலும் பாலியெஸ்டர் துணியும் செய்கிற அதே பாலிஎதிலீன் டெரிஃப்தாலேட்டில் ஆன கயிறு. வெளிப்பக்கம் கட்டுக்குள் நிற்க, உட்பக்கம் வளர்ந்து ஈடுகட்டுகிறது. 2010இல் வெளியான ஒரு சிறுவனின் கதை இதை நன்றாகக் காட்டும். எட்டரை வயதில் 40 டிகிரி. அறுவை முடிந்து நின்றபோது எடுத்த முதல் படத்தில் 25. நான்கு ஆண்டு வளர்ச்சிக்குப் பின் 6. பெரும்பகுதியை நிமிர்த்தியது அவன் வளர்ச்சியே.

வளர்வதைக் கயிற்றால் நிமிர்த்தும் எண்ணம் பழையது. எலும்பு மருத்துவத்தைக் குறிக்கும் ஆர்த்தோபீடிக்ஸ் என்ற சொல்லே "நேர்", "குழந்தை" என்ற இரண்டு கிரேக்கச் சொற்களால் ஆனது. அதை 1741இல் உண்டாக்கிய பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆண்ட்ரியின் நூலில், கோணல் மரமொன்றை நேரான கம்பத்தோடு கயிறு சுற்றிக் கட்டிய படம் இருக்கிறது. இன்றும் எலும்பு மருத்துவத்தின் சின்னம் அதுதான். தச்சரின் நூல் வெட்டிய மரத்துக்கு. இந்தக் கயிறு உயிர்மரத்துக்கு.

இனி டெதர். மேய்கிற மாட்டைக் கட்டும் கயிறு என்று பொருள். பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. "வடம்" என்று போடலாமா? கூடாது. தண்டுவடம் என்பது நரம்புத் தொகுதி. "டெதர்ட் கார்ட்" என்று தண்டுவடம் கீழே இழுபட்டு மாட்டிக்கொள்ளும் நோய் வேறு இருக்கிறது; அதுவே பக்கவளைவுக்குக் காரணமாகவும் ஆகலாம். இரண்டும் ஒரே பெயரில் கலந்தால் ஆபத்து. "நாண்" அழகாக இருக்கிறது, ஆனால் முதுகுநாண் என்று உயிரியலில் ஏற்கெனவே போய்விட்டது. "தளை" என்றால் விலங்கு பூட்டியது போல ஒலிக்கும். ஒரு பிள்ளையின் முதுகுக்கு அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்குப் பிடித்தது "பிடிகயிறு". மாட்டை நடக்கவிட்டபடியே கையில் பிடித்திருக்கிற கயிறு அது. முதுகு அசையும், வளரும். கயிறு ஒரு பக்கத்தைப் பிடித்து நிறுத்தும். ஆகவே வி.பி.டி. என்பது "முள்ளெலும்புப் பிடிகயிற்று முறை".

நல்ல பெயர் பொய்யான நம்பிக்கை தந்துவிடக் கூடாது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019இல் இதற்கு அனுமதி தந்தது மனிதாபிமானச் சாதனம் என்ற தனி வகையில்தான். அந்த வகைக்குப் பலன் முழுதாக நிறுவப்பட வேண்டியதில்லை. இருக்கக்கூடிய பலன் ஆபத்தை மிஞ்சினால் போதும். எலும்பு வளர்ச்சி முடியாதவர்களுக்கு, 30 முதல் 65 டிகிரி வரை வளைவு இருந்து, பிரேஸ் எனும் முதுகுக் கச்சை பலன் தராமலோ அணிய முடியாமலோ போனவர்களுக்கு என்று வரையறுத்திருக்கிறார்கள். வளர்ச்சி மிச்சமில்லை என்றால் கயிற்றுக்கு வேலை இல்லை. மிக அதிகமாக மிச்சமிருந்தால் முதுகு எதிர்ப்பக்கம் வளையத் தொடங்கலாம். கயிறு அறுவதும் உண்டு. கயிறு எக்ஸ்ரேயில் தெரியாது, திருகுகள்தான் தெரியும். அடுத்தடுத்த இரண்டு திருகுகளுக்கு இடையே கோணம் விரிந்திருப்பதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். எலும்பு கூட்டும் முறை நெடுங்காலம் சோதிக்கப்பட்டது. அதிலும் மேல்முதுகு இயல்பிலேயே அதிகம் வளைவதில்லை. அங்கே கூட்டுவதால் இழப்பது, இடுப்புப் பகுதியில் கூட்டுவதைவிடக் குறைவு.

அந்தப் பெற்றோரிடம் நான் இப்படிச் சொல்வேன்: "வளைவின் வெளிப்பக்கத்தில் திருகு போட்டு ஒரு பிடிகயிறு கட்டுவார்கள். எலும்பைக் கூட்டமாட்டார்கள். மகள் வளர வளர முதுகு நிமிரும் என்று எதிர்பார்க்கிறார்கள். கயிறு அறுந்தாலோ முதுகு மறுபக்கம் சாய்ந்தாலோ இன்னொரு அறுவை தேவைப்படலாம். சிலருக்குக் கடைசியில் எலும்பைக் கூட்டவும் வேண்டிவரும். வளர்ச்சி இன்னும் எவ்வளவு பாக்கி என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்."