ஒரு நிமிடத்துக்கான டயர்

ஆட்டோகிராஸ் பந்தயத்தில் ஒரு வண்டி ஓடுவது ஏறத்தாழ ஒரு நிமிடம்தான். காலியான பெரிய மைதானத்திலோ பழைய விமான ஓடுதளத்திலோ ஆரஞ்சு நிறக் கோன்களை நட்டு, வளைந்து நெளிந்து போகும் பாதை ஒன்று போட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டி. பக்கத்தில் முந்துவதற்கு ஆள் கிடையாது, போட்டி கடிகாரத்தோடுதான். ஓடி முடித்தால் வரிசையில் போய் நின்று முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் டயர் ஆறிப்போகும். பிறகு மறுபடி ஒரு நிமிடம். நாள் முழுக்க வெயிலில் நின்றாலும் வண்டி ஓட்டிய நேரத்தைக் கூட்டினால் பத்து நிமிடம் தேறாது.

டயர் பற்றி இந்த விளையாட்டில் எழும் கேள்விகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நிமிடத்தில் வந்து முடிகின்றன. சர்க்யூட் பந்தயத்தில் முதல் சுற்றில் டயரைச் சூடேற்றி, மூன்றாவது சுற்றில் வேகத்தைக் காட்டலாம். இங்கே அந்தச் சலுகை இல்லை. முதல் கோனைத் திரும்பும்போதே டயர் தயாராக இருந்தாக வேண்டும்.

தயார் என்றால் என்ன? ரப்பர் எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்தால் புரியும். தார்ச்சாலையைக் குனிந்து பார்த்தால் சமதளமே கிடையாது. ஜல்லி முனைகள் துருத்திக்கொண்டு நிற்கும். டயர் அதன்மேல் அழுந்தும்போது ரப்பர் அந்த முனைகளைச் சுற்றி வழிந்து இறங்குகிறது. வழுக்க முயலும்போது ஒவ்வொரு முனையும் ரப்பரை அமுக்கிப் பின் விடுகிறது. ரப்பர் ஸ்பிரிங் மாதிரி உடனே துள்ளி மீளாது, கொஞ்சம் சோம்பலாகத்தான் மீளும். அமுக்கச் செலவான ஆற்றலில் ஒரு பங்கு திரும்பி வராமல் வெப்பமாகிவிடுகிறது. அந்த இழப்புதான் பிடிப்பின் ஒரு பாதி. மறுபாதி, ரப்பர் மூலக்கூறுகள் சாலையின் பரப்போடு நேரடியாக ஒட்டிப் பிரிவது. ஒட்டும் பிடிப்புக்குப் பரப்பு சுத்தமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும். மழையில் அது பெரிதும் போய்விடும். மிச்சமிருப்பது ஜல்லி முனைகளைக் கவ்வும் பிடிப்பு மட்டும்.

இரண்டுக்குமே வெப்பநிலை முக்கியம். குளிர்ந்த ரப்பர் விறைத்துப்போய் ஜல்லி முனைகளின் மேலேயே நின்றுவிடும். அளவுக்கு மீறிச் சூடானால் இளகி, தாங்கும் வலுவை இழந்து வழுக்கும். நடுவில் ஒரு வெப்பநிலை எல்லை இருக்கிறது. அந்த எல்லை எங்கே தொடங்குகிறது என்பதைத் தீர்மானிப்பது ரப்பர் கலவை. ஹூசியர் நிறுவனம் ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு பந்தய டயர்களைச் செய்கிறது: ஏ7, ஆர்7. ஏ7 சீக்கிரம் சூடேறும், அதனால் ஆட்டோகிராஸுக்கு. ஆர்7 நிதானமாகச் சூடேறி நீண்ட நேரம் தாங்கும், அதனால் சர்க்யூட்டுக்கு. ஆர்7-ஐ மாட்டிக்கொண்டு கோன்களுக்கு நடுவே வந்தால் அது விழித்துக்கொள்வதற்குள் ஓட்டம் முடிந்திருக்கும்.

சாலையில் ஓட்டும் டயரோடு போட்டியிடுபவர்களுக்கு இன்னொரு எண் முக்கியம். அமெரிக்காவில் விற்கும் டயர்களின் பக்கவாட்டில் டிரெட்வேர் என்று, டயர் தேயாமல் எவ்வளவு உழைக்கும் என்பதைக் காட்டும் ஒரு எண் அச்சிட்டிருக்கும். ஒப்பிடுவதற்காக வைத்த டயருக்கு 100. அதைவிட இரண்டு மடங்கு உழைத்தால் 200. அங்கே இந்த விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பான எஸ்.சி.சி.ஏ., சாலை வண்டிகளுக்கான பிரிவுகளில் 200-க்குக் குறைந்த டயரை அனுமதிப்பதில்லை. விதியைப் பார்த்ததும் கம்பெனிகள் என்ன செய்யும்? மிக மென்மையான டயரைச் செய்து அதன்மேல் 200 என்று போட்டன. சோதிப்பதும் கம்பெனி, எண்ணை அச்சடிப்பதும் கம்பெனி. ஆகவே 200 என்று போட்ட இரண்டு டயர்கள் ஒரே மாதிரி பிடிக்கும் என்று நம்பிப் பணத்தைப் போடாதீர்கள். யோகோஹாமா அட்வான் ஏ052 இந்த வகைதான். முதல் ஓட்டத்திலேயே கவ்விப் பிடிக்கும். ஆனால் இரண்டு பேர் ஒரே வண்டியை மாறி மாறி ஓட்டினால் சீக்கிரமே சூடு தலைக்கேறிவிடும் என்பது ஓட்டுபவர்கள் பலரின் அனுபவம்.

அடுத்து அகலம். 1,200 கிலோ வண்டி, 30 பி.எஸ்.ஐ. காற்று என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு சுமார் 140 சதுர சென்டிமீட்டர், உள்ளங்கை அளவு. அகலமான டயர் போட்டாலும் அதே காற்றழுத்தத்தில் இந்தப் பரப்பு அதிகம் கூடிவிடாது. நீளம் குறைந்து அகலம் கூடும், அவ்வளவுதான். பிறகு ஏன் எல்லோரும் அகலத்தைத் தேடுகிறார்கள்? திரும்பும்போது பக்கவாட்டில் வழுக்காமல் நிற்க, குட்டையாகவும் அகலமாகவும் உள்ள தொடுபரப்பு தோதானது. காற்றைக் குறைத்தும் ஓட்டலாம், அப்போது தொடுபரப்பு கூடிச் சுமையை அதிக ரப்பர் பகிர்ந்துகொள்ளும்.

சுமையைப் பகிர்வதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டயர்மேல் பாரத்தை இரட்டிப்பாக்கினால் பிடிப்பு இரட்டிப்பாகாது, கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: முன்னிரண்டு டயரிலும் தலா 400 கிலோ பாரம், பிடிப்பும் தலா 400. வளைவில் பாரம் சாய்ந்து வெளிப்பக்கம் 600, உட்பக்கம் 200 என்றாகிறது. 600 சுமக்கும் டயர் 540-தான் பிடிக்கும். 200 சுமப்பது 210 பிடிக்கும். மொத்தம் 750. எடை மாறவில்லை, பிடிப்பில் 50 காணாமல் போய்விட்டது. முன்பக்கம் அதிக பாரமுள்ள கார்கள் வளைவில் மூக்கை வெளியே தள்ளிக்கொண்டு போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த இழப்பைக் குறைக்கிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு அகலம் கூட்டுவதும் தப்பு. ரப்பர் கூடக்கூடச் சூடேற நேரமாகும். எடை குறைந்த வண்டியில், குளிர்ந்த காலையில், மிக அகலமான டயர் அந்த ஒரு நிமிடம் முழுக்கத் தூங்கிக்கொண்டே போகும்.

ரிம்முக்கு வருவோம். டயரின் அகலத்துக்கு ஏற்ற ரிம் இல்லாவிட்டால் அகல டயர் வாங்கியதில் பாதிப் பயன் வீண். ஒடுக்கமான ரிம்மில் டயரின் பக்கச்சுவர்கள் உள்ளே குவிந்து பூசணிக்காய் மாதிரி உப்பி நிற்கும். திருப்பும்போது முதலில் சுவர் மடங்கும், பிறகுதான் வண்டி திரும்பும். மஸ்டா மியாட்டா என்ற சிறிய காரில் 225/45 ஆர்15 டயரை 9 அங்குல அகல ரிம்மில் போடுவது பிரபலம். 225 மில்லிமீட்டர் என்பது 8.9 அங்குலம், சுவர் செங்குத்தாக நிற்கிறது, ஸ்டியரிங்கை அசைத்ததும் பதில் வருகிறது.

ரிம்மின் எடையைப் பற்றி ஒரு கதை பல வருடமாகச் சுற்றுகிறது: சக்கரத்தில் ஒரு கிலோ குறைத்தால் வண்டியில் நாலு கிலோ குறைத்த மாதிரி என்று. முடுக்கத்தைப் பொறுத்தவரை இது நடக்காத காரியம். சக்கரம் முன்னோக்கியும் போக வேண்டும், சுழலவும் வேண்டும். டயரின் வெளிவிளிம்பிலேயே இருக்கும் ஒரு கிலோகூட இரண்டு கிலோவுக்குமேல் ஆகாது. டயர் ஆரம் 30 சென்டிமீட்டர், ரிம் விளிம்பு 20 சென்டிமீட்டரில் என்றால், விளிம்பிலுள்ள ஒரு கிலோ சுமார் 1.44 கிலோவுக்குச் சமம். எடை குறைந்த ரிம்மின் பெரிய லாபம் வேறிடத்தில் இருக்கிறது: ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை குறைந்தால் மேடுபள்ளத்தில் சக்கரம் துள்ளாமல் தரையோடு ஒட்டியே போகும். ஒட்டுப்போட்ட பழைய ஓடுதளத்தில் இது நன்றாகவே தெரியும்.

ரிம் வாங்குமுன் போல்ட் துளை வட்டம், நடுத்துளை, ஆஃப்செட் (ரிம் வண்டியோடு பொருந்தும் இடம் அதன் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது), பிரேக் தட்டைக் கவ்வும் காலிப்பர் இடிக்குமா என்ற நான்கையும் பார்த்துவிட வேண்டும். நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள், முதல் ஓட்டம் முடிந்ததும் ஒருமுறை சரிபாருங்கள்.

இனி காற்று. காசே இல்லாமல் நொடிகளைக் குறைக்கக்கூடிய இடம் இதுதான். ஒரு சாக்பீஸ் எடுத்து, டயரின் பட்டன்கள் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் ஓரத்தில் மூன்று நான்கு இடங்களில் குறுக்காகக் கோடு போடுங்கள். ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். தரையில் உரசிய வரைக்கும் கோடு அழிந்திருக்கும். பல டயர்களில் அந்த ஓரத்தில் சின்ன முக்கோணக் குறி ஒன்று இருக்கும். அழிவு அந்தக் குறிக்கு வெகுமுன்பே நின்றுவிட்டால் காற்று அதிகம், ஓரத்து ரப்பர் வேலையே செய்யவில்லை. குறியைத் தாண்டிச் சுவர்வரை அழிந்திருந்தால் டயர் மடங்கிப் படுக்கிறது, காற்று ஏற்ற வேண்டும். முன் டயரையும் பின் டயரையும் தனித்தனியாகப் பாருங்கள், இரண்டும் ஒரே கதை சொல்லாது.

எந்த எண்ணைப் பிடித்தாலும் அது சூடான டயருக்குரிய எண் என்பது நினைவிருக்கட்டும். காலையில் 20 டிகிரியில் 32 பி.எஸ்.ஐ. அடித்து, உள்ளே காற்று 45 டிகிரியானால் அழுத்தம் 36-க்கு வந்துவிடும். காலையில் சரியாக இருந்த வண்டி மதியம் மிதப்பதற்குப் பல நேரம் இதுவே காரணம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் அளந்து கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். நைட்ரஜன் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். உலர்ந்த காற்றும் நைட்ரஜனும் சூட்டில் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் விரியும். வித்தியாசம் செய்வது உள்ளே புகுந்த ஈரம்.

காற்றைச் சரிசெய்த பிறகும் முன் டயரின் வெளியோரம் மட்டும் தேய்ந்து மொட்டையாகிறதா? அது கேம்பர், அதாவது சக்கரத்தின் உட்பக்கச் சாய்வு, போதாத குறை. வளைவில் வண்டி சாயும்போது டயர் வெளியோரத்தில் ஏறி நிற்கிறது. சக்கரத்தின் மேற்பகுதியை இரண்டு, மூன்று டிகிரி உட்பக்கம் சாய்த்தால் வளைவில் அது தட்டையாக அமரும். விதியோ வண்டியோ இடம் தராவிட்டால், சுழல்திசை குறிக்கப்படாத டயரைக் கழற்றி ரிம்மில் திருப்பிப் போட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.

கோடை மதியத்தில் வரிசையைப் பார்த்தால் ஒரு காட்சி கிடைக்கும். வண்டி வந்து நின்றதும் ஒருவர் தோட்டத்துத் தெளிப்பானோடு ஓடிவந்து டயர்மேல் தண்ணீர் அடிப்பார். வண்டியை மெல்ல நகர்த்தி மறுபாதிக்கும் அடிப்பார். ரப்பரிலிருந்து லேசாக ஆவி எழும். இரண்டு பேர் ஓட்டும் வண்டியில் டயர் ஆறவே நேரமில்லாததால் இந்த வேலை. மேல்தோல் குளிர்ந்தாலும் உள்ளே சூடு இருக்கும், கொஞ்ச நேரத்தில் வெளியே வரும். அதனால் அகச்சிவப்பு வெப்பமானி காட்டும் எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். ஊசியை ரப்பருக்குள் குத்தி அளக்கும் கருவி சொல்வதே சரி. குளிர்காலத்திலோ கதை தலைகீழ்: சூடு ஓடிவிடாமல் டயரைப் போர்வையால் மூடி வைப்பவர்களும் உண்டு.

இப்படிச் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, ரப்பர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இறுகுகிறது. பட்டன் ஆழம் அப்படியே இருக்கும், பிடிப்பு போயிருக்கும். பழைய டயர் வாங்குவோர் அடிக்கடி மாட்டிக்கொள்வது இங்கேதான். பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. டியூரோமீட்டர் என்ற சிறு கருவியை ரப்பரில் அழுத்தினால் கடினத்தை எண்ணாகக் காட்டும். புது டயரில் ஒருமுறை அளந்து, அந்த எண்ணை ரிம்மின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.