மணி பிளான்ட் பாட்டிலைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள்

வீடுகளிலும் அலுவலகங்களிலும் செடிகளைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது மொட்டைமாடித் தோட்டத்தை அல்ல. ஃப்ரிட்ஜ் மேலேயோ டிவி பக்கத்திலோ தண்ணீரில் நிற்கும் மணி பிளான்டைத்தான். அந்தச் செடி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நன்றாக இருப்பதால்தான் அந்தப் பாட்டிலை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. தண்ணீர் குறைந்திருந்தால் ஒரு டம்ளர் ஊற்றிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

வில்லங்கமே அந்த ஒரு டம்ளரில்தான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நிழலில், அசங்காமல், தெளிவாக நிற்கும் தண்ணீர்தான் அதற்கு வேண்டும். முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாட்டிலின் ஈரமான உட்சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் அவை மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். மறுபடி நனைந்தால் பொரியும். நாமோ இருக்கிற தண்ணீரைக் கொட்டாமல் மேலே ஊற்றி, முட்டை இருக்கும் இடம் வரை மட்டத்தை ஏற்றிக் கொடுக்கிறோம். நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாளில் அது கொசுவாகிப் பறந்துவிடும்.

பாட்டிலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். மெல்லிய புழுக்கள் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். கை நிழல் பட்டதும் நெளிந்து அடிக்கு இறங்கும். அவற்றோடு, தலை பருத்து வால் வளைந்து குட்டிக்கரணம் போடுகிற மாதிரி நீந்துபவை கூட்டுப்புழுக்கள். அவற்றைப் பார்த்தால் நாளைக்குச் செய்யலாம் என்று வைக்காதீர்கள். இன்னும் இரண்டு நாளில் இறக்கை முளைத்துவிடும். பாட்டிலுக்குள் வேர் அடர்ந்திருந்தால் புழுக்கள் அதற்குள் பதுங்கிக்கொள்ளும். செடியை முழுதாக வெளியே எடுத்தால்தான் தெரியும்.

வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்களேன், செடியை எடுத்து வேரைக் குழாயடியில் நன்றாக அலசுங்கள். முட்டை வேரிலும் தண்டிலும்கூட ஒட்டியிருக்கும். பாட்டிலின் உட்புறத்தை, முக்கியமாக நீர்மட்டக் கோட்டை ஒட்டிய பகுதியை, பாட்டில் பிரஷ் போட்டுத் தேயுங்கள். வெறுமனே குலுக்கிக் கொட்டினால் முட்டை வராது. பழைய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் வெயில் படும் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். வாய் குறுகிய பாட்டில்தானே, கொசு எங்கே நுழையப்போகிறது என்று அலட்சியம் வேண்டாம். தண்டு போக மிச்சமிருக்கும் சந்தே அதற்கு வாசல். அந்தச் சந்தைப் பஞ்சாலோ நைலான் வலையாலோ இறுக்கி அடைத்துவிடுங்கள்.

கூழாங்கல் போட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தண்ணீர் தெரியும்வரை கொசுவுக்கு இடம் இருக்கிறது. கழுவிய ஆற்றுமணலை நீர்மட்டத்துக்கு மேல் வரை நிரப்பினால் பலன் உண்டு. மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் விடவேண்டாம். மேலே எண்ணெய் படர்ந்தால் வேருக்கு மூச்சு முட்டும். பிளீச்சிங் பவுடர் வேரையே பொசுக்கிவிடும். இன்னும் சிலர் ஃபைட்டர் மீனை விடுகிறார்கள். புழுவை அது தின்னும், உண்மைதான். ஆனால் ஒரு கண்ணாடி டம்ளர் அளவு தண்ணீரில் வாழ்நாள் முழுக்க ஒரு மீனை அடைத்துவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி செடிக்கு வருவோம். திருடி வைத்தால்தான் மணி பிளான்ட் வளரும் என்பார்கள். திருடுகிறவர் கையில் கத்தரிக்கோல் இருக்காது; அவசரத்தில் கொடியைப் பிய்த்துக்கொண்டு வருவார். பிய்ந்த இடம் நைந்து, தண்ணீரில் அழுகும். ஆகவே கேட்டே வாங்குங்கள், யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்த வளையம் தெரியும், அதுதான் கணு. அதன் எதிர்ப்பக்கம் பழுப்பாக ஒரு முண்டு நீட்டிக்கொண்டிருந்தால் அது காற்றுவேரின் தொடக்கம். அப்படிப்பட்ட துண்டு சீக்கிரம் பிடிக்கும். கணுவுக்கு ஒரு விரற்கடை கீழே, சுத்தமான கத்தியால் ஒரே வெட்டு. இரண்டு மூன்று இலை இருந்தால் போதும். தண்ணீருக்குள் போகும் கணுவில் இருக்கும் இலையைக் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் அது அழுகி நாறும். கணு இல்லாமல் வெறும் இலையை மட்டும் வைத்தால் மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும், வேர்கூட விடலாம். ஆனால் துளிர் வராது. துளிர் கிளம்பும் மொட்டு இருப்பது கணுவில்தான்.

பொதுவாக இரண்டு வாரத்துக்குள் வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். மண்ணுக்கு மாற்ற நினைத்தால் வேர் இரண்டு அங்குலம் வந்ததுமே மாற்றிவிடுங்கள். நாள்பட்டுத் தண்ணீரில் வளர்ந்த வேர் மண்ணுக்குப் பழகச் சிரமப்படும், இலையும் கொஞ்ச நாள் துவளும். தண்ணீரிலேயே வைப்பதானால் கணு மூழ்கும் அளவுக்கு ஊற்றினால் போதும். கழுத்துவரை நிரப்பித் தண்டை ஊறப்போடாதீர்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் ஒரு வாளியில் பிடித்து, மெல்லிய துணியால் மூடி ஒரு ராத்திரி வையுங்கள். மூடாவிட்டால் அதுவும் கொசுவுக்குத்தான். சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு. பாட்டிலில் வெள்ளைப் படலம் படிந்து இலை நுனி கருகினால் காரணம் அதுவாக இருக்கலாம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீரில் உப்பு இன்னும் அதிகம், அதை ஊற்றவே கூடாது. ஆர்.ஓ. குடிநீர் தாராளமாக ஊற்றலாம். ஆனால் அதில் சத்து எதுவும் இல்லாததால் மாதம் ஒருமுறை, தண்ணீர் மாற்றும் நாளில், 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) லிட்டருக்குக் கால் கிராம் கரைத்து விடுங்கள். கூடினால் வேர் கருகும், பாட்டிலில் பாசியும் ஏறும். வெளிச்சம் படும் கண்ணாடியில் பாசி எப்படியும் வரும். பழுப்பு நிறப் பாட்டில் நல்லது. வீட்டில் தீர்ந்துபோன ‘மருந்து’ பாட்டில் எதுவானாலும் சரி, செடி கணக்குக் கேட்காது.

கொடி தொங்கத் தொங்க இலை சிறுத்துக்கொண்டே போகிறதா? நோய் இல்லை. பசிபிக் தீவான மொரேயாவில் மரம் ஏறி வளர்ந்த இனம் இது. காற்றுவேர் பற்றி மேலே ஏறினால் இலை ஒரு முழத்துக்கு மேல் நீளும், தொங்கவிட்டால் சிறுக்கும். மஞ்சள் வரிகள் மறைந்து முழுப்பச்சையானால் வெளிச்சம் போதவில்லை; ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள், நேர் வெயில் வேண்டாம்.

அறைக் காற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்லி விற்கிறார்களே என்றால், 1989-இல் வந்த நாசா ஆய்வைத்தான் காட்டுவார்கள். அது காற்றுப்புகாத சிறு பெட்டிக்குள் நடந்த சோதனை. ஜன்னல், கதவு இருக்கும் வீட்டில் அந்தப் பலன் கிடைக்கச் சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று பின்னால் கணக்கிட்டிருக்கிறார்கள். அழகுக்கு வையுங்கள், போதும்.

தவழும் குழந்தையோ நாய், பூனையோ உள்ள வீட்டில் கொடியைக் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். மணி பிளான்ட் சேம்பு, சேனைக்கிழங்கு குடும்பத்தைச் சேர்ந்தது. பச்சைச் சேனை நாக்கில் காறுவது கால்சியம் ஆக்சலேட் ஊசிகளால். அதே ஊசிகள் இதன் இலையிலும் தண்டிலும் இருக்கின்றன. குழந்தை கடித்துவிட்டால் வாய் எரியும், எச்சில் ஒழுகும். வாயைத் துடைத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, குளிர்ந்த பால் கொடுங்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உதடோ நாக்கோ வீங்கினால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் வீட்டில் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கொடியை வெட்டிய கையால் கண்ணைக் கசக்க வேண்டாம்.

வெட்டிப்போட்ட கொடியைக் காலிமனையிலோ ஏரிக்கரையிலோ வீசாதீர்கள். ஒரு கணு மண்ணைத் தொட்டால் போதும், பக்கத்து மரத்தில் ஏறிவிடும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, அதற்கப்புறம் குப்பையில் போடுங்கள்.