தினமும் காற்று கேட்கும் டயர்

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் எங்கள் கடையில் எப்போதும் கூட்டம் இருக்கும். சாஸ்தா கோவிலுக்காக வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள், திரும்பிப் போகும்முன் டயரை ஒரு தடவை காட்டிவிட்டுப் போக வருவார்கள். நம் பக்கத்துச் சாஸ்தா கோவில்கள் பல வயலுக்கு நடுவிலோ குளத்தங்கரையிலோ உடங்காட்டுக்குள்ளோ இருப்பவை. வண்டி நிறுத்துகிற இடமெல்லாம் உடைமுள்ளும் கருவேல முள்ளும்தான். பாளையங்கோட்டையில் டயர் கடை போட்டு 22 வருடத்தில் நான் பிடுங்கிய முள்ளுக்குக் கணக்கில்லை.

அப்படி வந்த ஒரு தம்பி சொன்னார்: "அண்ணாச்சி, பின்னாடி எடது டயர்ல மட்டும் காத்து நிக்க மாட்டேங்கு. மூணு நாளா காலைல பம்பு வச்சு 32 அடிச்சுட்டுத்தான் கெளம்புதேன். ஒருக்கா பாத்துருங்க, சாயங்காலம் சென்னை போணும்."

டயரை ரிம்மிலிருந்து கழற்றினோம். உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி கறுப்புத் தூள் கொட்டியது. டயரின் பக்கச் சுவரான சைடுவாலின் உள்பக்கம் வட்டமாக ஒரு கோடு விழுந்து, ரப்பர் அரைபட்டு நூல் தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருந்தது. இத்தனைக்கும் காரணம், அரிசி அளவுக்கு ஒடிந்து உள்ளே நின்ற ஒரு முள் நுனி. "தம்பி, இந்த டயர்ல சென்னை வேண்டாம்" என்றேன். வண்டிக்குள் இரண்டு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. வேறு டயர் போட்ட பிறகுதான் அனுப்பினேன்.

அவர் காலையில் 32 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) அடித்தது உண்மை. ஆனால் மத்தியானத்துக்குள் அது பாதியாக இறங்கிவிடும். மீதி ஓட்டமெல்லாம் அந்தப் பாதிக் காற்றில்தான். கார் டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 500 தடவை சுற்றுகிறது. காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் சைடுவால் மடங்கி நிமிரும். அதில் சூடு ஏறி, உள்ளே இருக்கிற நூலும் ரப்பரும் பிரிந்துவிடும். அதற்கப்புறம் எவ்வளவு காற்று அடித்தாலும் அந்த டயர் பழையபடி ஆகாது. நான்குவழிச் சாலையில் கயத்தாறு தாண்டி, வெயிலில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வெடிப்பது இந்த மாதிரி டயர்தான்.

காரில் சொருகி அடிக்கிற சிறிய மின்சாரப் பம்பை நான் குறை சொல்லவில்லை. வாங்கி வையுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ராத்திரி நேரத்தில் களக்காட்டுப் பக்கமோ கடையம் பக்கமோ காற்று இறங்கினால் அதுதான் துணை. நான் கேட்பது ஒன்றுதான்: அதே டயர் திரும்பத் திரும்பக் காற்று கேட்டால், அடித்துவிட்டு மறந்துவிடாதீர்கள். நல்ல டயரில் மாதத்துக்கு 1 அல்லது 2 பி.எஸ்.ஐ. குறைவது சகஜம். ஒரு காலையில் நான்கு டயருக்கும் சரியாக அடித்து, அளவைக் காலண்டரில் எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் 3, 4 குறைந்திருந்தால் கடைக்குக் கொண்டுவாருங்கள். பல சமயம் முள்கூட இருக்காது, வால்வு ரப்பர் வெயிலில் வெடித்திருக்கும். வால்வு மேல் சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். ஓட்டையைக் கவனிக்காமல் நாள் கடத்தினால், அதன் வழியே தண்ணீர் இறங்கி டயருக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்.

ராத்திரி நிறுத்திய இடத்திலேயே இறங்கிக் கிடக்கும் டயர் என்றால் அடித்துக்கொண்டு கடைக்கு வரலாம். ஆனால் காற்றில்லாமல் ஓட்டிய டயரை வீட்டில் அடிக்காதீர்கள். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு வாருங்கள். எந்த டயருக்கு அடித்தாலும் சைடுவாலுக்கு நேர் எதிரே குந்தியிருக்க வேண்டாம், பிள்ளைகளையும் நிற்க விடாதீர்கள். அடிக்கும்போது படபடவென்று நூல் அறுகிற மாதிரி சத்தம் கேட்டாலோ சைடுவால் புடைத்தாலோ உடனே பம்பை நிறுத்திவிட்டு விலகிவிடுங்கள்.

எவ்வளவு அடிப்பது என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் இருக்கும். சில வண்டியில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம். டயரின் மேலேயே அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக்கூடாது. ஆளும் சாமானுமாக நிறைய ஏற்றினால் அதற்குத் தனி அளவு அதே ஸ்டிக்கரில் போட்டிருப்பார்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போகிறவர்கள் அதைப் பார்த்து அடித்துக்கொள்ளுங்கள்.

அளவு பார்ப்பது டயர் ஆறியிருக்கும்போது. தூத்துக்குடியிலிருந்து மத்தியான வெயிலில் வந்து இறங்கியதும் பார்த்தால் 36 காட்டும். கூடிவிட்டதென்று 32க்கு இறக்கினால், மறுநாள் காலையில் 28தான் இருக்கும். பம்பின் திரையில் பி.எஸ்.ஐ. இருக்கிறதா, 'பார்' (bar) என்கிற வேறு அளவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 32 என்று நினைத்து 3.2 பார் வைத்த ஒருவரின் நான்கு டயரிலும் 46 பி.எஸ்.ஐ. இருந்தது.

இன்ஜினை ஓடவிட்டு அடியுங்கள், பேட்டரி இறங்காது. ஆனால் மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம், புகை ஆளைக் கொல்லும். சின்னப் பம்பைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் ஆறவிடுங்கள். குழாய் முனையின் பித்தளை கையைச் சுடும். பைக் டயரில் இடம் கொஞ்சம்தான், சட்டென்று ஏறிவிடும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

அப்புறம், டயரில் முள்ளோ ஆணியோ தெரிந்தால் வீட்டில் வைத்துப் பிடுங்காதீர்கள். அது இருக்கிற வரைக்கும் ஓட்டையைப் பாதி அடைத்துக்கொண்டிருக்கும். காற்றை நிரப்பிவிட்டு, அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு, பக்கத்துக் கடைக்கு மெதுவாக ஓட்டி வாருங்கள். முள் ரப்பருக்குள் ஒடிந்துபோனாலும் அந்த வட்டத்தை வைத்து நாங்கள் எடுத்துவிடுவோம்.