பொலின்யா: பனி தங்காத கடல்

துருவக் குளிர்காலத்தில் கடலே பனியாய் இறுகிக் கிடக்கும்போது, சில இடங்களில் மட்டும் ஆண்டுதோறும் கருநீர் தெரியும். ரஷ்ய மொழி தந்த பெயர், பொலின்யா. அங்கே பனி உருவாவதில்லை என்று நினைத்தால் தவறு. கரையோரப் பொலின்யாக்களில்தான் அது மிக அதிகமாக உருவாகிறது, தங்குவதில்லை, அவ்வளவே.

அண்டார்க்டிகாவின் டெரா நோவா விரிகுடாவில், பனிமேட்டிலிருந்து சரிந்திறங்கும் கனத்த குளிர்காற்று புதுப்பனியைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தெற்கிலிருந்து மிதந்துவரும் பனியை கரையிலிருந்து கடலுக்குள் நாக்குப்போல் நீண்டிருக்கும் பனியாறான டிரைகால்ஸ்கி பனிநாக்கு மறித்துவிடுகிறது. மூடியில்லாத நீர் சதுர மீட்டருக்குப் பல நூறு வாட் வெப்பத்தை இழந்து, சுமார் மைனஸ் 1.8 டிகிரி செல்சியசில் உறைகிறது. ஊசி ஊசியான பனித்துகள்கள் காற்றுவாக்கில் கோடுகோடாகச் சேரும். காற்று அவற்றையும் ஒதுக்கிவிடும்.

உறையும் நீர் தன் உப்பில் பெரும்பகுதியை வெளியேற்றும். அதைச் சுமக்கும் நீர் கனத்து, கண்டத்திட்டின் சரிவில் வழிந்து, அண்டார்க்டிக் அடிநீராக உலகக் கடல்களின் தரையில் பரவுகிறது. எளிதில் கெடக்கூடிய ஏற்பாடு இது. 2010 பிப்ரவரியில் பி-09பி பனிப்பாறை மோதி, அண்டார்க்டிகாவின் இன்னொரு பனிநாக்கான மெர்ட்ஸ் முறிந்தது. மறிப்பு போனதும் அங்கிருந்த பொலின்யா சுருங்கியது, அடர்நீரும் குறைந்தது.

இன்னொரு வகைப் பொலின்யாவில் வெப்பம் அடியிலிருந்து வருகிறது. வெதுவெதுப்பான நீர் என்று நினைக்க வேண்டாம், பூஜ்ஜியத்துக்குச் சற்றே மேல். உப்புக் குறைந்த மேலடுக்கு அதை மூடி வைத்திருக்கும். அண்டார்க்டிகாவையொட்டிய வெட்டல் கடலிலுள்ள மாட் கடலடி மேட்டருகே புயலும் சுழல்களும் அந்த அடுக்கைக் கலைத்தால், வெப்பநீர் மேலேறி, குளிர்ந்து, மூழ்கி, அடுத்ததை இழுத்துவரும். 1974 முதல் 1976 வரை வெட்டல் கடலில் சுமார் 2,50,000 சதுர கிலோமீட்டர் இப்படித் திறந்துகிடந்ததைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன. 2017இல் அதைவிடச் சிறியது ஒன்று திறந்தது.

உயிர்களுக்கு இதில் ஆதாயம், வெளிச்சம். பனிக்கடியில் இருட்டாயிருக்கும் வசந்தத்திலேயே இங்கே நுண்பாசிகள் பெருகத் தொடங்கும். கிரீன்லாந்துக்கும் எல்ஸ்மியர் தீவுக்கும் இடையிலுள்ள பிகியாலாசோர்சுவாக் என்ற பொலின்யாவில், அவற்றைத் தின்னும் துடுப்புக்காலிகள் என்ற நுண் ஓட்டுயிர்களை நம்பிச் சிற்றாக் பறவைகள் கோடிக்கணக்கில் கூடுகின்றன. அதன் வடக்கு வாசலான நேர்ஸ் நீரிணையில் பனிக்கட்டிகள் நெருக்கியடித்து வளைவாக இறுகினால்தான் ஆர்க்டிக் பனி உள்ளே வராது. 2007இல் அந்த வளைவு உருவாகவே இல்லை. தடித்த பனி தெற்கே கொட்டியது.

சிறிய திறப்புகளில் ஆபத்து வேறு. காற்று ஓய்ந்து அவை உறைந்தால், பெலுகா, நார்வால் திமிங்கிலங்கள் சுருங்கிவரும் ஒரே துளையில் மாறிமாறி மூச்செடுக்கும். அடுத்த திறப்பு ஒரே மூச்சில் நீந்தும் தூரத்தைத் தாண்டியிருந்தால், அவை வெளியேற முடியாது.